மேடையும் பாட்டும்: ப. ஜீவானந்தத்தின் வாழ்வும் கவிதையும் பற்றிய சில சிந்தனைகள்

1

கவிஞர் ஒருவர் அரசியலிற் புகும்போது அவரது கவிதைக்கு என்ன நேர்கின்றது என்னும் வினா இலக்கிய வரலாற்று மாணவர் பலரும் எதிர்கொள்ளும் ஒன்றாகும். இதற்கு வழக்கமாக இரண்டு விடைகள் கூறப்படுவதுண்டு. அரசியல் கவிதையை விழுங்கிவிடும் என்பது ஒன்று. கவிதை அரசியல்வாதிக்கு ஓய்வுநேர அணிகலன் என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே எடுகோளிலிருந்து பிறப்பவை. கவிதை தனி மனிதனின் அந்தரங்கம், அரசியல் புறவுலகின் இரைச்சல், இவ்விரண்டும் இயல்பாகவே பகை கொண்டவை என்பதே அவ்வெடுகோள்.

உலக அரங்கில் இவ்வினாவைத் தெளிவாகக் காட்டும் நாடுகளுள் துருக்கி ஒன்று. புலென்ட் எஜெவிட் (1925–2006) இளமையிலேயே தாகூரின் கீதாஞ்சலியைத் துருக்கி மொழியிற் பெயர்த்தவர்; நான்கு தடவை அந்நாட்டின் பிரதமராக இருந்தவர். துருக்கியரும் கிரேக்கரும் உறவினரே என்னும் கருத்தமைய 1947 இல் இலண்டனில் இருந்தபோது கவிதை எழுதினார். அவரே 1974 ஜூலையில், பிரதமர் என்ற முறையில், சைப்பிரஸ் தீவுக்குப் படைகளை அனுப்பினார். நாஸிம் ஹிக்மெத் (1902–1963) பதவி எதனையும் வகித்தவரல்லர். கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்தவர். 1938 முதல் 1950 வரை சிறையில் இருந்தார். 1951 இல் குடியுரிமையை இழந்து மொஸ்கோவில் இறந்தார். பறிக்கப்பட்ட குடியுரிமை 2009 இலேயே மீள வழங்கப்பட்டது. முன்னவரின் கவிதை அவரது ஆட்சியைக் கட்டுப்படுத்தவில்லை. பின்னவரிடத்திலோ கவிதையும் அரசியலும் பிரிக்கமுடியாதவாறு பிணைந்திருந்தன. ஆகவே, கவிஞர் அரசியலில் இருந்தாரா இல்லையா என்று கேட்பது போதாது. எந்த வர்க்கத்தின் அரசியலில் இருந்தார், அவ்வரசியலுக்குள் கவிதை என்ன வேலை செய்தது என்று கேட்கவேண்டும்.

தமிழிலே இக்கேள்வியை எழுப்புவதற்கு ப. ஜீவானந்தத்தின் (1907–1963) வாழ்வினைவிடப் பொருத்தமான சான்று அரிது. அவரைப் பற்றி அன்பர்கள் எழுதிய நினைவுரைகள் பல உள. ஆயினும் அவருடைய பாடல்களை அவை பிறந்த சூழலில் வைத்து நோக்கும் முயற்சி இன்னும் விரிவடைய வேண்டியுள்ளது. இக்கட்டுரை அத்திசையில் ஒரு சிறு முயற்சி.

2

ஜீவானந்தம் 1907 ஆகஸ்ட் 21 ஆந் திகதி, அக்காலத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானத்திற்கு உட்பட்டிருந்த நாஞ்சில் நாட்டின் பூதப்பாண்டியிற் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சொரிமுத்து. சாதியாசாரம் மிகக் கடுமையாக நிலவிய சமஸ்தானங்களுள் திருவிதாங்கூரும் ஒன்று என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. கோயிலுக்குள் நுழைவது ஒருபுறமிருக்க, கோயிலைச் சூழ்ந்த வீதியில் நடப்பதும் தாழ்த்தப்பட்டோருக்குத் தடைசெய்யப்பட்டிருந்தது. வைக்கம், சுசீந்திரம் ஆகிய இடங்களில் இத்தடைக்கு எதிராக எழுந்த போராட்டங்களில் ஜீவா மிக இளம் வயதிலேயே ஈடுபட்டார். அவரது அரசியற் கல்வி நூலிலிருந்து தொடங்கவில்லை; ஒரு வீதியில் யார் நடக்கலாம், யார் நடக்கலாகாது என்னும் கேள்வியிலிருந்து தொடங்கியது.

அடுத்த பத்தாண்டுகளில் அவர் கடந்த இயக்கங்களை நிரற்படுத்திப் பார்ப்பது பயனுடையது. காந்தியத்தை ஏற்றுக் காரைக்குடியை அடுத்த சிராவயலில் ஆச்சிரமம் நடத்தினார். 1927 இல் காந்தியடிகள் அங்கு சென்று அவரைக் கண்டார். தனித்தமிழ் ஆர்வத்தினால் தம் பெயரை உயிரன்பன் என மாற்றிக்கொண்டார். பின்னர் மீண்டும் ஜீவானந்தமானார். சுயமரியாதை இயக்கத்திற் சேர்ந்தார். சோவியத் நாட்டைக் கண்டு 1932 இல் திரும்பிய பெரியார், சிங்காரவேலருடன் இணைந்து சமதர்மத் திட்டத்தை முன்வைத்தபோது அதன் முன்னணியில் நின்றவர்களுள் ஜீவாவும் ஒருவர். பகத்சிங் எழுதிய நாத்திகம் பற்றிய கட்டுரையைத் தமிழாக்கியமைக்காகக் கைதுசெய்யப்பட்டார். அரசாங்கத்தின் அடக்குமுறையை எதிர்கொண்ட பெரியார் 1935 அளவிற் சமதர்மப் பிரசாரத்திலிருந்து பின்வாங்கியபோது, ஜீவா அவரைப் பிரிந்தார். காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சி வழியாகக் கம்யூனிஸ்ட் கட்சியை அடைந்தார். 1937 இல் தொடங்கிய ஜனசக்தியின் ஆசிரியரானார்.

இம்மாற்றங்களைத் தடுமாற்றம் எனக் கூறுவோர் உளர். அவ்வாறு கொள்ளுதல் பொருந்தாது. காந்தியம், தனித்தமிழ், சுயமரியாதை, சமதர்மம் என்பன அன்றைய தமிழகத்தின் சமுதாய முரண்பாடுகள் ஒவ்வொன்றும் எடுத்துக்கொண்ட வடிவங்கள். அவற்றுள் ஒன்றில் நுழைந்து அதன் எல்லையைக் கண்டதும் அடுத்ததற்கு நகர்ந்தவரே ஜீவா. குறிப்பிடத்தக்க வேறொன்று: எதனையும் முற்றாக உதறிவிட்டு அவர் வெளியேறவில்லை. காந்தியத்திலிருந்து எளிமையையும், தனித்தமிழிலிருந்து மொழிப்பற்றையும், சுயமரியாதையிலிருந்து பகுத்தறிவையும் பெண்ணுரிமை வேட்கையையும் தம்முடன் கொண்டுவந்தார். அவருடைய பாடல்களில் இவை அனைத்தும் கலந்திருக்கின்றன.

3

ஜீவாவின் பாடல்களிற் பெயர்பெற்றவை பெரும்பாலும் 1930களிலும் அதனை அடுத்த ஆண்டுகளிலும் எழுந்தவை. பெண்ணுரிமை பற்றிய கீதங்கள், சாதியையும் மூடநம்பிக்கையையும் சாடுவன, தொழிலாளரை அணிதிரட்டுவன என அவற்றைப் பொதுவாக மூவகைப்படுத்தலாம். இவை எவருக்காக, எங்கே பாடப்பட்டன என்பதே அடிப்படையான கேள்வி.

அக்காலத் தொழிலாளர், விவசாயிகளிடையே எழுத்தறிவு மிகக் குறைவு. துண்டுப்பிரசுரம் அவர்களை அடைவதாயின் ஒருவர் வாசிக்கப் பலர் கேட்கவேண்டும். பாட்டோ வாசிக்கப்படவேண்டியதன்று, ஒருதடவை கேட்டவன் மறுநாள் தறியருகிலும் வயலிலும் அதனை முணுமுணுக்கலாம். பொலிசார் துண்டுப்பிரசுரத்தைப் பறிமுதல் செய்யலாம். மெட்டைப் பறிமுதல் செய்யவியலாது. கூட்டம் தொடங்குமுன் மக்களைச் சேர்ப்பதும், பேச்சுக்கும் பேச்சுக்கும் இடையில் அவர்களை நிலைநிறுத்துவதும், ஊர்வலத்தில் ஒரே காலடிக்குள் அவர்களைக் கொண்டுவருவதும் பாட்டின் பணிகளாயிருந்தன. ஜீவாவின் பாடல்கள் இத்தேவையிற் பிறந்தவை.

எனவேதான் அவர் கையாண்ட வடிவங்கள் மக்கள் முன்னரே அறிந்தவை. கீர்த்தனையின் பல்லவி, அநுபல்லவி, சரண அமைப்பு, கும்மி, சிந்து ஆகியவற்றின் மெட்டுகள் ஆகியன கோயில் வீதியிலும் நாடகக் கொட்டகையிலும் அவர்களின் செவிக்குப் பழக்கமானவை. நிலமானியச் சமுதாயம் பக்திக்குப் பயன்படுத்திய வடிவத்தினுள் வர்க்கப் போராட்டத்தின் பொருளைப் பெய்தமையே இங்கு நிகழ்ந்த மாற்றம். பாரதி இதற்கு வழிகாட்டினார் என்பதில் ஐயமில்லை. பாரதியிடத்துத் தேசம் பெற்ற இடத்தை ஜீவாவிடத்து உழைப்பாளியின் உடல் பெற்றது. அவருடைய புகழ்பெற்ற தொழிலாளர் பாடல்களில் அருவமான கோட்பாடு முதலில் வருவதில்லை. காலும் வயிறும் முதலில் வருகின்றன. தன் உடலின் குறையை அறிந்த தொழிலாளி, அக்குறை விதியால் வந்ததன்று, சுரண்டலால் வந்தது என்னும் முடிவுக்குப் படிப்படியாக அழைத்துச் செல்லப்படுகின்றான். இது கற்பித்தலின் முறை. அதே வேளையில் நல்ல கவிதையின் முறையுமாகும்.

எனினும், ஜீவாவின் பாடல்கள் அனைத்தையும் ஒரே தரத்தில் வைத்துப் போற்றுவது மார்க்சிய விமர்சனத்திற்கு அழகன்று. கூட்டத்தின் சூட்டிலிருந்து எடுத்துத் தாளிலிட்டபோது ஆறிப்போனவை அவற்றுட் பல. முழக்கமாகவே தொடங்கி முழக்கமாகவே முடிவன உண்டு. சொற்சிக்கனம் இல்லாதன உண்டு. இதனை ஒப்புக்கொள்வதால் ஜீவாவுக்கு இழுக்கில்லை. காலத்தின் தேவைக்கு எழுதப்பட்டது காலத்துடன் போவது இயல்பு. வியப்பு யாதெனில், சில பாடல்கள் போகாமல் நின்றமையே. துன்பத்தை வருணிப்பதுடன் நில்லாது, துன்பப்படுபவனின் குரலாகவே ஒலிக்கும் பாடல்களே அவ்வாறு நின்றன. கவிஞர் தொழிலாளிக்கு அறிவுரை கூறும் பாடல்கள் மங்கின. தொழிலாளியாக நின்று பேசும் பாடல்கள் வாழ்ந்தன. கட்சி சார்ந்த இலக்கியம் பற்றி விவாதிப்போர் இவ்வேறுபாட்டை ஊன்றி நோக்குதல் வேண்டும்.

4

1952 பொதுத்தேர்தலில் சென்னை வண்ணாரப்பேட்டைத் தொகுதியிலிருந்து ஜீவா சட்டசபைக்குத் தெரிவானார். 1957, 1962 தேர்தல்களில் தோல்வியுற்றார். சட்டசபையிலிருந்த காலத்தில் தமிழை ஆட்சிமொழியாகவும் பயிற்றுமொழியாகவும் ஆக்குவதற்கு வாதாடினார். 1956 ஆம் ஆண்டு இவ்வகையில் நமக்கு முக்கியமானது. சென்னை மாநிலத்தில் தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் நிறைவேறிய அதே ஆண்டிலேயே இலங்கையில் சிங்களம் மாத்திரம் சட்டம் நிறைவேறியது. அச்சட்டத்தை இலங்கைப் பாராளுமன்றத்தில் எதிர்த்துப் பேசியவர்களுள், பருத்தித்துறைத் தொகுதியின் கம்யூனிஸ்ட் பிரதிநிதி பொன். கந்தையாவும் ஒருவர், அவரும் தமிழறிஞர். மொழிப்பற்று முதலாளித்துவ தேசியவாதிகளுக்கே உரியது, இடதுசாரிகள் மொழியைப் பொருட்படுத்தாதவர்கள் என்னும் கூற்றுக்குக் கடலின் இருகரையிலும் மறுப்பு இருந்தது.

இக்காலத்தில் ஜீவா பாடல் எழுதுவது அருகியது. அரசியல் கவிஞரை விழுங்கிவிட்டது என்போர் இதனையே சான்றாகக் காட்டுவர். ஆனால் உண்மைக் காரணம் வேறு எனத் தோன்றுகின்றது. பாட்டு மக்களைச் சென்றடையும் சாதனமே மாறிவிட்டது. 1930களில் கூட்டத்தின் நடுவே நின்று பாடுபவனுக்கு இருந்த இடத்தை 1950களில் ஒலிபெருக்கியும் இசைத்தட்டும் சினிமாவும் கைப்பற்றின. திராவிட முன்னேற்றக் கழகத்தினர் இம்மாற்றத்தை நன்கறிந்து திரைப்படத்தைப் பயன்படுத்தினர்; கம்யூனிஸ்டுகளிடம் அதற்கான முதலும் இல்லை, போதிய முயற்சியும் இல்லை. இடதுசாரிப் பாட்டின் மரபு முற்றாக அறுந்துவிடவில்லை என்பதும் உண்மை. விவசாய இயக்கத்தின் தொடர்புடன் வளர்ந்து ஜனசக்தியில் எழுதிய பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் (1930–1959) அதனைத் திரைக்குக் கொண்டுசென்றார். மேடைப்பாட்டு திரைப்பாட்டாயிற்று. அதனால் அது இலட்சக்கணக்கானோரை அடைந்தது. அதே வேளையில் சந்தைக்குக் கட்டுப்பட்டது.

ஜீவாவின் படைப்பாற்றல் இரண்டு வேறு வழிகளிற் பாய்ந்தது. ஒன்று, மேடைப்பேச்சு. அவருடைய பேச்சைக் கேட்டோர் அதன் ஓசையையும் வேகத்தையும் பற்றியே முதலிற் கூறுவர். சுந்தர ராமசாமி அவரைப் பற்றி எழுதிய அஞ்சலிக்குக் 'காற்றில் கலந்த பேரோசை' எனத் தலைப்பிட்டமை தற்செயலன்று. மற்றையது, இலக்கிய விமர்சனமும் இலக்கிய அமைப்பும். பாரதியை மக்கள் கவியாகத் தமிழகமெங்கும் எடுத்துச் சென்றார். 1959 இல் தாமரை இதழைத் தொடங்கினார். 1961 இல் தமிழ்நாடு கலை இலக்கியப் பெருமன்றம் உருவாகக் காரணராயிருந்தார்.

இவற்றுள் கம்பன் பற்றிய அவரது நிலைப்பாடு தனியே கவனிக்கற்பாலது. கம்பராமாயணத்தைக் கொளுத்தவேண்டும் என்னும் குரல் 1940களில் எழுந்த சூழலில், கடவுள் நம்பிக்கையற்ற கம்யூனிஸ்டாகிய ஜீவா கம்பன் விழா மேடையேறி அவனது கவிதையைப் போற்றினார். இதனைச் சமரசம் என இகழ்ந்தவர் பலர். கடந்தகாலப் பண்பாட்டின் ஆக்கங்களைப் பாட்டாளி வர்க்கம் விமர்சனத்துடன் தனதாக்கிக்கொள்ளவேண்டும் என்னும் லெனினின் கருத்தே ஜீவாவின் நிலைப்பாட்டுக்கு அடிப்படை. எரிப்பவனுக்கு நூலைப் படிக்கவேண்டிய தேவையில்லை. உரிமை கோருபவன் படித்தேயாகவேண்டும். எனினும், கம்பனின் மானுடத்தைப் போற்றிய அளவுக்கு, அக்காவியம் நிலைபெறச்செய்த முடியாட்சிக் கருத்துநிலையை ஜீவா ஆராய்ந்தாரெனக் கூறமுடியாது. இவ்வகையில் அவரது விமர்சனம் முழுமை பெறாதது. அதனை நிறைவுசெய்யும் பணி அடுத்த தலைமுறையினரான கைலாசபதி, சிவத்தம்பி முதலியோரிடம் வந்து சேர்ந்தது. அவர்கள் இலங்கையர் என்பது பெருமைக்காகக் கூறப்படுவதன்று. ஜீவாவின் வரலாறு பாக்குநீரிணையோடு நின்றுவிடவில்லை என்பதற்காகக் கூறப்படுவது.

5

1948 இல் இந்தியாவிற் கம்யூனிஸ்ட் கட்சி அடக்குமுறைக்குள்ளானபோது ஜீவா தலைமறைவானார். அக்காலத்திற் சிறிதுகாலம் இலங்கையிலும் இருந்தார். அவர் இங்கு வந்த வேளையில் களம் ஓரளவு பண்பட்டிருந்தது. கே. கணேஷும் கே. இராமநாதனும் 1946 இற் கொழும்பில் பாரதி என்னும் இதழை நடத்தியிருந்தனர். முல்க் ராஜ் ஆனந்தின் தீண்டத்தகாதவன் நாவலைக் கணேஷ் தமிழாக்கியிருந்தார். இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் 1954 இல் அமைவதற்கு முன்னோடியான முயற்சிகள் இவை.

யாழ்ப்பாணத்தில் ஜீவாவைச் சந்தித்த இளைஞருள் ஒருவர் டொமினிக். தந்தையாரின் சிகையலங்கரிப்பு நிலையத்திற் தொழில் செய்தவர். சாதியின் பெயரால் அவமதிக்கப்பட்ட சமூகத்தவர். ஜீவானந்தத்தின் மீது கொண்ட ஈடுபாட்டினால் தம் பெயருடன் ஜீவா என்பதை இணைத்துக்கொண்டார். தண்ணீரும் கண்ணீரும் என்னும் சிறுகதைத் தொகுதியினால் சாகித்திய மண்டலப் பரிசு பெற்ற டொமினிக் ஜீவா (1927–2021) அவரே. 1966 இல் மல்லிகையைத் தொடங்கி 2012 வரை நடத்தினார். ஓர் அரசியல்வாதியின் கவித்துவம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று தேடுவோர் அவருடைய பாடற்றொகுதிகளை மாத்திரம் புரட்டுதல் போதாது. தலைமறைவாக வந்த ஒருவரின் பெயரை, எழுதவும் பேசவும் உரிமை மறுக்கப்பட்ட ஒருவர் தமதாக ஏற்று, அப்பெயரில் அரைநூற்றாண்டுக்கு அணித்தாக ஓர் இலக்கிய ஏட்டை நடத்தினார். இதனையும் அக்கணக்கிற் சேர்க்கவேண்டும்.

6

இக்கட்டுரையாளனின் பிறப்பிடமாகிய தீவகத்தின் நிலையுடன் இதனைப் பொருத்திப் பார்த்தல் தகும். ஊர்காவற்றுறைத் தொகுதி தமிழறிஞரைப் பாராளுமன்றத்திற்கு அனுப்பிய தொகுதி. வேலணையைச் சேர்ந்த பண்டிதர் கா. பொ. இரத்தினம் 1970 முதல் 1983 வரை அதன் பிரதிநிதியாயிருந்தார். திருக்குறளைப் பரப்புவதைத் தம் வாழ்நாட்பணியாகக் கொண்டிருந்தார். கரம்பன் தந்த தனிநாயகம் அடிகள் தமிழாராய்ச்சியை உலகளாவியதாக்கினார். மொழிப்பற்றில் நம் தீவகத்திற்குக் குறைவிருந்ததில்லை. ஆனால் தீவகத்தின் பெருந்துன்பம் மொழியிலன்று, நீரில் இருந்தது. உவர்நீர்க் கிணறுகள் நிறைந்த மண்ணில் நன்னீர்க் கிணறு சிலவே. அக்கிணற்றில் யார் நீரள்ளலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது.

1971 இற் புங்குடுதீவுக் கண்ணகி அம்மன் கோயிற் கிணற்றில் தாழ்த்தப்பட்ட மக்கள் நீரள்ளும் உரிமைக்காக மு. தளையசிங்கம் (1935–1973) சத்தியாக்கிரகம் செய்தார், பொலிசாரால் தாக்கப்பட்டார், இரண்டாண்டுகளில் மறைந்தார். தளையசிங்கம் மார்க்சியரல்லர், மார்க்சியத்தையும் முற்போக்கு எழுத்தாளரையும் கடுமையாக விமர்சித்தவர். அவருடைய மெய்யியலை நாம் ஏற்கவியலாது. ஆயினும் 1966 முதல் தீண்டாமைக்கு எதிராக யாழ்ப்பாணத்தின் தேநீர்க்கடைகளிலும் கோயில்வாசல்களிலும் போராட்டம் நடத்திய இடதுசாரி இயக்கத்தின் குரல், தீவகத்தின் கிணற்றடியிற் போதியளவு ஒலிக்கவில்லை என்பதையும், அங்கு முன்னின்றவர் நம்முடன் முரண்பட்ட ஓர் எழுத்தாளரே என்பதையும் நேர்மையுடன் ஒப்புக்கொள்ளவேண்டும். வைக்கத்து வீதியில் தொடங்கிய ஜீவாவின் அரசியலும் புங்குடுதீவுக் கிணற்றடியில் நிகழ்ந்த போராட்டமும் ஒரே கேள்வியை எழுப்பியவை. பொதுவாயிருக்கவேண்டிய ஒன்றை ஒரு சிலர் தமதாக்கிக்கொள்ள இடந்தரலாமா என்பதே அது.

ஜீவா 1963 ஜனவரி 18 ஆந் திகதி காலமானார். சட்டசபை உறுப்பினராயிருந்தவர், தாம்பரத்துக் குடிசையே அவரது இல்லம். நாஸிம் ஹிக்மெத் அதே ஆண்டு ஜூன் மாதம் இறந்தார். இருவரும் ஒருவரையொருவர் அறிந்திருக்கத் தேவையில்லை; ஒரே காலத்தின் ஒரே வர்க்கத்தின் பணியை இருவேறு மொழிகளிற் செய்தனர். அரசியல் கவிதையைக் கெடுக்குமா என்று கேட்போருக்கு எஜெவிட்டின் வாழ்வு ஒரு விடையையும் ஜீவாவின் வாழ்வு மற்றொரு விடையையும் தருகின்றன. கவிதையில் உறவு பாடிவிட்டு ஆட்சியிற் படையனுப்ப முடிவது, கவிதையை அரசியலுக்கு வெளியே வைத்திருப்பவருக்கே. ஜீவாவுக்கு அவ்வாறான வெளி இருக்கவில்லை. அவர் பாடியதும் பேசியதும் வாழ்ந்ததும் ஒன்றையொன்று சோதித்தன. அச்சோதனையிற் சில பாடல்கள் தோற்றன, சில தேர்தல்கள் தோற்றன, மனிதர் தோற்கவில்லை.

தீவகத்தின் கடற்றொழிலாளிக்கும் சீவற்றொழிலாளிக்கும் தென்னிலங்கைக் கடைகளில் வேலைக்குச் சென்று மீண்டவனுக்கும் அவர்தம் குரலாகவே ஒலிக்கும் பாட்டு எவ்வளவு எழுதப்பட்டது என்று தேடித் தொகுப்பது தமிழ்ச் சங்கங்களும் ஆய்வு மாணவரும் உடன் மேற்கொள்ளத்தக்க பணியாகும். ஜீவாவைப் போற்றுவதற்கு அதனினும் சிறந்த வழி இருப்பதாகத் தெரியவில்லை.